அமலியின் போன் என் பையில்

ஆகஸ்ட் 20, புதன். கள்ளக்குறிச்சி, மாலை.

விடியும்போதே தூறல். மலை முழுக்க மேகம். அணைக்கட்டுக் கரை மட்டும் கொஞ்சம் தெரிந்தது. ஐந்தரைக்குக் கிளம்புவதாகப் பேச்சு, கிளம்பியது ஆறே முக்கால். குட்டியானை வண்டியில் மாதா சுரூபத்தை நிறுத்திக் கட்டுவதற்குள் கயிறு இரண்டு முறை அவிழ்ந்துவிட்டது.

முப்பத்தெட்டுப் பேர். அதில் பெண்கள் பத்தொன்பது. பெண்கள் வரிசை மூன்றாவது வருடமாக என் பொறுப்பு. வேளாங்கண்ணிக்கு ஒன்பது நாள். கொடியேற்றத்துக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

என் பையில்: காவிப் புடவை 2, துண்டு, டார்ச், பஞ்சு, டிஞ்சர், கொப்புளத்துக்கு ஊசி, தைலம், இந்த நோட்டு.

தம்பி அருள் வழியனுப்ப வந்தான். அவன் பெண்சாதி அமலிக்கு இதுதான் முதல் நடை. குழந்தை வரத்துக்கு. கல்யாணமாகி ஐந்து வருடம். அவளை எங்கேயும் தனியாக விடமாட்டான், கடைக்குக்கூட. இதற்கு மட்டும் சரி என்றான், அதுவும் நான் வருகிறேன் என்பதால். அவள் நெற்றியில் அவனே சிலுவை போட்டான். பிறகு அவள் போனை வாங்கி எதையோ தட்டிக் கொடுத்தான்.

"மேப்புல நீ எங்க இருக்கன்னு எனக்குத் தெரியும். ஆஃப் பண்ணாத."

என்னிடம்: "அக்கா, உன்ன நம்பித்தான் அனுப்புறேன்."

தலையாட்டினேன். வேறென்ன செய்வது. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே வாசல். என் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடமாக எனக்கு அரிசி மூட்டை இறக்குவது, கூரை மாற்றுவது எல்லாம் அவன்தான். இப்போது கரும்பாலையில் அரவை இல்லை. கரும்பு ஏற்றும் டிராக்டரைப் பழுது பார்க்க மூங்கில்துறைப்பட்டில் ஒரு ஷெட்டில் கிடக்கிறான்.

பத்து மணிக்கெல்லாம் தார் சுட ஆரம்பித்துவிட்டது. வெறுங்கால். வலது குதிகாலில் இப்போதே எரிச்சல். மதியம் லெமன் சாதம், உப்பு கம்மி. அமலி இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். ஐந்து தடவை போன் வந்தது. ஐந்து தடவையும் ஓரமாகப் போய் நின்று "ம்", "ம்" என்றாள்.

அவள் பை என்னுடையதைவிடக் கனம். ஏன் என்று கேட்டேன். "பெட்ஷீட் அண்ணி" என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன். சின்னசேலம், மாலை ஆறரை.

எழுதவா வேண்டாமா என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதுகிறேன்.

காலையில் நல்ல காற்று. மக்காச்சோளக் கொல்லைகள். கூட்டத்தை நடத்தும் உபதேசியார் மைக்கில் முதல் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையைச் சொல்லி முடித்திருப்பார். திரும்பிப் பார்த்தால் வரிசையில் அமலி இல்லை. கொல்லை வரப்பில் குனிந்து நிற்கிறாள். வாந்தி. வெறும் தண்ணீர்.

வெயில் என்றாள். எட்டு மணிக்கு என்ன வெயில். இருபத்திரண்டு வருடமாக அங்கன்வாடியில் இருக்கிறேன். கர்ப்பிணிகள் பேரை எழுதுவதே என் வேலை. முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

"எத்தினி நாள் ஆச்சி?"

முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"அமலி, இங்க பாரு. எத்தினி நாள்?"

"ரெண்டு மாசம் தாண்டிச்சி அண்ணி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்கப் போகிற வரம் ஏற்கனவே வயிற்றில். அவள் கையைப் பிடித்தேன். கை ஜில்லென்று இருந்தது.

"அவனுக்குத் தெரியுமா?"

"சொல்லாதீங்க. உங்க கால்ல வுழறேன், சொல்லிடாதீங்க."

வரிசை போய்விட்டது. இருவரும் பின்னால் நடந்தோம். எனக்கு அரைகுறையாகத் தெரிந்ததையும், தெரிந்தும் தெரியாதது போல இருந்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சத்தம் போடாமல், யார் கதையையோ சொல்வது போல. போன வருடம் தை மாதம் ரசத்தில் புளி ஜாஸ்தி என்று ஆரம்பித்தது. அவன் தள்ளினான். உரல் மேல் போய் விழுந்தாள். மூன்றாம் மாதம். கலைந்துவிட்டது.

அன்று எனக்குச் சுவர் வழியாகச் சத்தம் கேட்டது. உரல் உருண்ட சத்தமும் கேட்டது. மறுநாள் பதிவேட்டில் "வழுக்கி விழுந்து கருச்சிதைவு" என்று என் கையால் எழுதினேன். நர்ஸம்மாவிடமும் அதையே சொன்னேன். அமலி அப்போது கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நோட்டில்கூட எழுதியதில்லை.

"நான் வேளாங்கண்ணி வரைக்கும் வரல அண்ணி. நாளைக்குக் காலைல இங்கேருந்தே போயிடறேன். கூடப் படிச்சவ ஒருத்தி வேல பாத்து வெச்சிருக்கா. லேப்ல. ஆஸ்டல் இருக்கு."

போகும் ஊரையும் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். இந்த நோட்டு யார் கையில் சிக்கும் என்று தெரியாது.

கோபம் வந்தது எனக்கு. என்னை வைத்து அனுமதி வாங்கி, என் வரிசையிலிருந்தே ஓடுவதா? "அவன்கிட்ட நான் பேசறேன். புள்ள வந்துடுச்சின்னு தெரிஞ்சா மாறிடுவான்" என்றேன். அவள் வேகமாக முன்னால் நடந்தாள். அதன் பிறகு சின்னசேலம் வரை என்னோடு பேசவேயில்லை.

மாலை ஐந்து மணிக்கு மண்டபத்து மாடிப்படியில் நின்று அருளைக் கூப்பிட்டேன். சொல்லிவிடுவது என்றுதான் கூப்பிட்டேன். அவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன், மறக்கக் கூடாது என்பதற்காக.

"இன்னாக்கா, ஒழுங்கா நடக்கறாளா?"

"நடக்கறா. அருளு, ஒண்ணு கேக்கறேன். அவளுக்குக் கொழந்த தங்கிச்சின்னா நீ அவள நல்லா வெச்சிக்குவியா?"

"தங்கினா தான? போன தடவ தங்கிச்சி, இன்னா ஆச்சி? வாய மூடிக்கினு இருந்திருந்தா இந்நேரம் எனக்கு ஒரு புள்ள இருந்திருக்கும். வாய் ஜாஸ்தி அவளுக்கு."

"நீ தள்ளினடா."

"இன்னா தள்ளினேன்? லேசா ஒதுக்கினேன். வழுக்கி வுழுந்ததுன்னு நீயே எழுதிட்ட. கவர்மெண்ட் நோட்டுல இருக்கறதுதான் நெசம்." சிரித்தான். "இன்னொரு வாட்டி ஆனாலும் நீ எழுதிக்க மாட்டியா இன்னா?"

நல்ல மூடில் இருந்தான். கிண்டலாகத்தான் சொன்னான்.

வைத்துவிட்டேன். படியிலேயே உட்கார்ந்தேன். கீழே தக்காளி வதக்கும் வாசனை. பிறகு அமலி துணி துவைக்கும் இடத்துக்குப் போய், "காலைல எத்தன மணிக்கு வண்டி?" என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி. காலை 8.00. சின்னசேலம் தாண்டி, புளியமர நிழல்.

போய்விட்டாள்.

சின்னசேலத்தில் வருடா வருடம் பெண்கள் குளிக்க, டீ குடிக்க நூர்ஜஹான் அக்கா வீடு. அவர் வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் செருப்புக் கடை. "செருப்பே போடாத கூட்டத்துக்கு என் வூட்லதான் டீ" என்று வருடா வருடம் அதே ஜோக். இந்த வருடமும் சிரித்தோம்.

மற்றவர்கள் குளித்துவிட்டுப் போனபின் அமலி காவியை அவிழ்த்துப் பச்சை சுடிதாரில் வந்தாள். பெட்ஷீட் என்றது இதுதான் போல. அதோடு சர்டிபிகேட் கவர். நூர்ஜஹான் அக்கா அவளை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"நான் ஒண்ணும் கேக்கல டீச்சர். ஸ்டேஷனா, பஸ் ஸ்டாண்டா, அத்த மட்டும் சொல்லுங்க" என்று ஸ்கூட்டி சாவியை எடுத்தார்.

அமலி தன் போனை என் கையில் வைத்தாள்.

"இது உங்க கூட நடக்கட்டும் அண்ணி. ரெண்டு மணி வரைக்கும். அதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்."

போனைத் திறக்கும் எண்ணையும் சொன்னாள். அவர்கள் கல்யாணத் தேதி. அவன் வைத்ததாம்.

ஃபோலிக் மாத்திரையை விடாதே, திங்கட்கிழமையே ஆஸ்பத்திரியில் பதிவு செய்துவிடு, கனம் தூக்காதே என்று என்னென்னவோ சொன்னேன். ஸ்கூட்டியில் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க அவருக்கு அக்கா. அவர் வந்து கேட்டா சொல்லிட மாட்டீங்களே?"

"தெரியலம்மா" என்றேன். அதுதான் உண்மை.

உபதேசியாரிடம்: அமலிக்கு உடம்பு சரியில்லை, பாய் வீட்டில் படுத்திருக்கிறாள், ஆட்டோவில் வந்து சேர்ந்துகொள்வாள். கையில் ஜெபமாலையோடு சொன்ன பொய். அவர் "பாவம்" என்றார்.

8.25. அவள் போன் அடித்தது. எடுக்கவில்லை. உடனே மெசேஜ்: "எங்க". அவள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிப்பாள். நானும் அப்படியே "நடக்கறோம்" என்று அடித்தேன். மூன்று தடவை தப்பாக விழுந்தது. ஒரு கட்டை விரல் படம் வந்தது.

9.50. நிழலே இல்லை. கொப்புளம் உடைந்துவிட்டது. இன்னொரு மெசேஜ்: "சாப்ட்டியா". "சாப்ட்டேன்". இப்படிக் கேட்கிறவன்தானே அவனும்.

10.40. என் போனில் வந்தான்.

"அவ ஏன் எடுக்க மாட்டேங்கறா?"

"பின்னாடி லூர்து கூட வராடா. ஜெபமால சொல்லிக்கினு இருக்கோம்."

"அவகிட்ட குடு."

"ஜெபத்துக்கு நடுவுலயா? அப்பறம் பேசுவா."

லூர்து பக்கத்தில்தான் இருந்தாள். கரும்பு வெட்டப் போகிறவள், என் வரிசையில் பழைய ஆள். கேட்டிருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை. என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். போன் அதற்குள் இருந்தது. இப்போது அவள் தோளில் அமலி.

12.15. மோர் கொடுத்தார்கள். வீடியோ கால். அடித்தது, நின்றது. அடித்தது, நின்றது. ஆஃப் பண்ணிவிடலாமா? பண்ணினால் கிளம்பி வந்துவிடுவான். பண்ணாவிட்டாலும் வருவான். இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம்.

12.40. மெசேஜ்: "உன் மூஞ்சிய பாக்கணும். போட்டோ அனுப்பு". நேற்று எடுத்த போட்டோ ஒன்று போனில் இருந்தது, சோளக் கொல்லை ஓரம். அதை அனுப்பினேன். ஏழு நிமிடம் கழித்து: "இது நேத்து வீடியோல பாத்த பொடவ".

1.05. என் போனில்.

"கெளம்பிட்டேன்." அவ்வளவுதான் சொன்னான்.

2.10. நைனார்பாளையம். ரேஷன் கடையை ஒட்டிய தகரக் கொட்டகையில் மதியச் சாப்பாடு. நூர்ஜஹான் அக்காவிடமிருந்து போன்: "சேந்துட்டா." அமலியின் போனை ஆஃப் செய்யலாம். செய்யவில்லை. அவன் எப்படியும் என்னிடம்தான் வர வேண்டும். வரட்டும்.

அதே நாள், மாலை ஆறு.

வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. எழுத்து கோணல்.

மூன்றே முக்காலுக்கு வந்தான். பைக்கை ஸ்டாண்ட் போடவில்லை, அப்படியே சாய்த்துவிட்டு வந்தான். சட்டையெல்லாம் கிரீஸ். கொட்டகையில் பாதிப் பேர் தூக்கம், பாதிப் பேர் காலுக்குத் தைலம். ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு தன் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டான்.

என் பையில் மணி அடித்தது.

எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"அவ எங்க?"

"இல்ல."

"இல்லன்னா?"

"போய்ட்டா அருளு."

"எவன் கூட?"

"எவன் கூடயும் இல்ல. உன்ன வுட்டுப் போய்ட்டா."

கையைப் பிடித்து முறுக்கினான். என் கையை. ஐந்து வயதில் காய்ச்சல் வந்து கிடந்தபோது ராத்திரியெல்லாம் இந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டிருப்பான். வலி தெரியவில்லை, ஆச்சரியம்தான் தெரிந்தது. இப்படித்தானா அவளுக்கும்?

உபதேசியார் ஓடி வந்தார். "அருளு, மாதா முன்னாடி இன்னா இது?"

"என் பொண்டாட்டிய ஓட்டி வுட்டுட்டா ஐயா, கூடப் பொறந்தவ! சாமி பேர சொல்லிக் கூட்டியாந்து ஓட்டி வுட்டுட்டா!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊருக்கே டீச்சர். ஒரு பேச்சு கேட்டதில்லை யாரிடமும். தலை குனிந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

"போன வருஷம் தை மாசம் அவ வழுக்கி வுழல" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "இவன் தள்ளினான். உரல்ல வுழுந்தா. புள்ள போச்சி. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வழுக்கி வுழுந்தான்னு பொய் எழுதினேன். நான்தான் எழுதினேன்."

மைக் செட்டில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

அருள் என்னை அடித்திருப்பான். கை ஓங்கிவிட்டான். லூர்து எழுந்து நடுவில் வந்து நின்றாள். அவன் தோளுக்குக்கூட எட்ட மாட்டாள்.

"டீச்சர் கைய வுடு. எம்மேல கைய வெச்சிப் பாரு, ஊர் போய்ச் சேர மாட்ட."

இன்னும் நாலைந்து பெண்கள் எழுந்து வந்தார்கள். விட்டான். அமலியின் போனை என் பையிலிருந்து எடுத்து ஜேபியில் போட்டுக்கொண்டான்.

"ஆத்தா வூட்டுக்குத்தான போயிருப்பா. களமருதூர்ல வெச்சிப் பாத்துக்கறேன்."

என் முகத்தையே பார்த்தான், ஏதாவது தெரிகிறதா என்று. தெரியாமல் பார்த்துக்கொண்டேன். வயிற்றுப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அமலியின் பேச்சு, என்னுடையது இல்லை.

அவன் போனதும் களமருதூரில் அமலியின் அண்ணனுக்குப் போன். நடவு வயலில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "வரட்டும்ங்க. ஆளுங்க இருக்கோம். ஸ்டேஷன்லயும் ஒரு வார்த்த சொல்லி வெச்சிடறேன்" என்றார். "எங்க தங்கச்சி நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன்.

யாரோ மணிக்கட்டில் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டார்கள். யாரென்று கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி. பகல் 12.30. வேப்பூர் போகும் ரோடு.

காலையில் வானம் மப்பு. நடக்க நல்ல நாள்.

கிளம்பும் முன் உபதேசியார் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை அவரால். "ஊர்ல பேச்சாயிடும் டீச்சர். அடுத்த வருஷம் யாரும் பொண்டுகள அனுப்ப மாட்டாங்க. இந்த வருஷம் வேற யாராவது வரிசைய பாத்துக்கட்டும்." சரி என்றேன். வரிசைக்கு முன்னால் நான் பிடித்து வந்த கொடியை லூர்துவிடம் நீட்டினார். அவள் கையைக் கட்டிக்கொண்டாள். அடுத்தவளும் வாங்கவில்லை. மூன்றாவதாக வயதான ஞானம்மா வாங்கினார். வாங்கிக்கொண்டு, "நான் மெதுவாத்தான் நடப்பேன். எல்லாரும் என் பின்னாடிதான் வரணும்" என்றார்.

சிலர் என்னோடு பேசவில்லை. ஒருத்தி காதுபட, "தம்பி வாழ்க்கைய கெடுத்துட்டு இன்னா பெரிய ஜெபம்" என்றாள். இன்னொருத்தி, யாரென்று எழுத மாட்டேன், ஒரு கிலோமீட்டர் பக்கத்திலேயே நடந்துவிட்டு மெதுவாக, "பொம்பளைங்க ஆஸ்டல்ல கொழந்தயோட இருந்தா சேப்பாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

9.15. களமருதூரிலிருந்து போன். அருள் நேற்று அங்கே போயிருக்கிறான். வாசலில் நின்று கத்தியிருக்கிறான். தெரு கூடிவிட்டது. போலீஸ்காரர் ஒருவரும் வந்திருக்கிறார். வீடு முழுக்கப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்தான், இல்லை. வெளியே வந்து மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தானாம். தண்ணீர் கொடுத்தார்களாம், வாங்கவில்லையாம். பிறகு கிளம்பிவிட்டான்.

இனி அந்த வாசலுக்கு எப்படித் திரும்பிப் போவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். சாவி அவனிடமும் ஒன்று இருக்கிறது.

11.10. அவன்தான். எடுத்தேன்.

"அக்கா. எங்கன்னு மட்டும் சொல்லுக்கா. நான் போய்க் கூட்டியாரேன். கை வெக்க மாட்டேன். மாதா மேல சத்தியம்."

"சொல்ல மாட்டேன் அருளு."

"நேத்து உன் கைய முறுக்கிட்டேன். இன்னா ஆச்சி கை?"

"வீங்கி இருக்குது."

ஒரு பஸ் போனது.

"நீ என் அக்கா தான?"

"ஆமாண்டா. அக்காதான்."

"அப்ப சொல்லு."

"மாட்டேன்."

திட்டப் போகிறான் என்று நினைத்தேன். அழ ஆரம்பித்தான். அம்மா போனபோதுகூட இப்படி அழவில்லை. வரிசை முன்னால் போய்விட்டது, லூர்து மட்டும் தள்ளி நின்றாள். அவளைப் போகச் சொன்னேன். போனைக் காதில் வைத்தபடி நடந்தேன். அவன் அழுதுகொண்டே இருந்தான். மைல்கல் ஒன்று தாண்டியது, இன்னொன்று தாண்டியது. நான் வைக்கவில்லை. சொல்லவும் இல்லை.